காலுறைக்குள் வெந்நீர்

என் பேத்தி டென்னிஸ்காரி ஆனதற்குக் காரணம் என் பகல் தூக்கம். திறமை, உழைப்பு என்று மற்றவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். நாங்கள் குடியிருந்த அடுக்கு வீட்டில் என் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு. ஆறு வயதில் அவள் அந்தச் சுவரில் பந்தடிக்கத் தொடங்கினாள். டொக், டொக், டொக். சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பது போல இருக்கும். இரண்டு தெரு தள்ளி ஒரு டென்னிஸ் மைதானம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு போனேன். "சாயங்காலம் வரைக்கும் இவளை வீட்டுக்கு அனுப்பாதீங்க" என்று மட்டும்தான் அங்கிருந்த பயிற்சியாளரிடம் சொன்னேன். அந்த மனிதர் அதை ஒரு பெரிய லட்சியம் என்று எடுத்துக்கொண்டார்.

பத்தொன்பது வயதில் அவள் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். வீட்டில் எல்லோரும் கைதட்டினோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்தத் தொழில் என்பது பாதி நாள் துணி துவைப்பது, மீதி நாள் பேருந்துக்குக் காத்திருப்பது, நடுவில் கொஞ்ச நேரம் வெயிலில் நின்று தோற்பது. டிவியில் வருகிற பெரிய ஆட்டக்காரிகளுக்குப் பின்னால் டாக்டர், சமையற்காரர், கால் பிடித்துவிடுகிறவர் என்று ஒரு பட்டாளமே போகும். என் பேத்திக்குப் பின்னால் நான் போனேன். மகளுக்கு மருத்துவமனையில் ஷிப்டு வேலை. மாப்பிள்ளை பேருந்து ஓட்டுகிறார், லீவு கிடைக்காது. வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்தான். மூட்டையோடு மூட்டையாக என்னையும் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

தங்கும் விடுதியில் முகம் கழுவும் தொட்டியில் அவள் காலுறைகளைத் துவைத்து, மேசை விளக்கின் மேல் காயப்போடுவது என் வேலை. மட்டையின் கைப்பிடிக்கு நாடா சுற்றும் வேலையும் கொஞ்ச நாள் என்னிடம் இருந்தது. நான் சுற்றிய நாடா ஓர் ஆட்டத்தின் நடுவில் பாம்பு மாதிரி அவிழ்ந்து தொங்கியது. அன்றோடு அந்தப் பதவி போயிற்று.

எனக்கு ஆட்டம் புரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழ வேண்டும். என் பேத்தி அடித்தால் உள்ளே, எதிராளி அடித்தால் வெளியே. இதை நான் கொஞ்சம் சத்தமாகச் சொன்னதற்கே இரண்டு ஊர்களில் என்னை வெளியே போய் உட்காரச் சொன்னார்கள்.

ஒன்பது வருடம் இப்படியே ஓடியது. பெரிய போட்டி எதிலும் அவள் முதன்மைச் சுற்றில் ஆடியதில்லை. அதற்கு முன்னால் தகுதிச் சுற்று என்று ஒன்று வைப்பார்கள். வாசலில் நின்று முட்டி மோதுவது மாதிரி. அதில் ஜெயித்தால்தான் உள்ளே இடம். இவள் வாசலோடு திரும்பியே பழகியவள். கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்.

"பாட்டி, இந்தத் தடவை எப்படியாவது உள்ளே போய் ஒரே ஒரு ஆட்டம் ஆடணும். இல்லைன்னா விட்டுடறேன். கிளப்புல குழந்தைங்களுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைக்குக் கூப்பிடறாங்க. இந்த வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"ஒண்ணு ஆடினாப் போதுமாடி?"

"ஒண்ணு ஆடினா இன்னொரு வருஷம் ஓடறதுக்குத் தெம்பு வரும்."

அந்தத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில்தான் தோற்றாள். நான் மறு பேச்சில்லாமல் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். அவள் வந்து அவிழ்த்தாள்.

"உள்ளே இருக்கறவங்கள்ல யாராவது உடம்பு முடியலைன்னு விலகினா, தோத்தவங்கள்ல முதல் ஆளைக் கூப்பிடுவாங்க பாட்டி. நான்தான் முதல் ஆள்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஷூவை மாட்டிக்கிட்டுத் தயாரா உட்கார்ந்திருக்கணும்."

"இன்னொருத்திக்கு உடம்பு கெடற வரைக்குமா?"

"அப்படிச் சொல்லாதே பாட்டி."

"வேற எப்படிடி சொல்றது?"

மறுநாள் காலையிலிருந்து ஆட்டக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு டீ இயந்திரம், எந்த மைதானத்தில் என்ன நடக்கிறது என்று காட்டும் டிவி. யாராவது தும்மினால் எங்கள் இரண்டு தலைகளும் சேர்ந்து திரும்பின. ஒருத்தி நொண்டிக்கொண்டு வந்தாள். பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண் ஷூவுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு நேராக நடந்து போனாள். இப்படியே ஒவ்வோர் ஆட்டமாகத் தொடங்கி, ஒரே ஓர் ஆட்டம்தான் பாக்கி இருந்தது.

நான் கை கழுவப் போனேன். குழாய்க்குக் கீழே தரையில் ஒரு நெட்டைப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கழுத்தில் அட்டை தொங்கியது. எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம், படத்தை மட்டும் பார்த்தேன். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டக்காரிகள் யார் கொடுத்தாலும் மருந்து சாப்பிடக் கூடாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வார்கள் என்று பேத்தி எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். ஆகவே என் எவர்சில்வர் பாட்டிலில் டீ இயந்திரத்திலிருந்து வெந்நீர் பிடித்தேன். கைப்பையிலிருந்து ஒரு சுத்தமான காலுறையை எடுத்து, பாட்டிலை அதற்குள் இறக்கி, அவள் அடிவயிற்றில் வைத்தேன். முதுகைத் தேய்த்துவிட்டேன். "பல்லைக் கடிக்காதே, மூச்சை விடு, காலையில ஒழுங்காச் சாப்பிட்டியா இல்லையா" என்று என் பாஷையில் திட்டினேன். அவள் தன் பாஷையில் முனகினாள். நன்றாகவே பேசிக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் களை திரும்பியது. போட்டி அதிகாரி அம்மா ஒருவர் அவசரமாக உள்ளே வந்து ஏதோ கேட்டார். நெட்டைப் பெண் என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், சுவரைப் பிடித்து எழுந்து ஏதோ சொன்னாள். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். பாட்டிலை அவளிடமே விட்டுவிட்டு, டாக்டருக்குப் படித்துவிட்டது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினேன்.

பேத்தி டிவியைப் பார்த்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆட்டத்துக்கு இரண்டு பேர் மைதானத்துக்குள் நடந்து வந்தார்கள். ஒருத்தி நெட்டை. பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

"பாட்டி, அது என் சாக்ஸ்."

"உலகத்துல மஞ்சள் சாக்ஸ் உனக்கு மட்டும்தானா இருக்கு?"

"குதிகால்ல பச்சை நூல் தையல். நீ தெச்சது."

தைத்தது நான்தான். மஞ்சள் நூல் கிடைக்கவில்லை.

"வயித்து வலியில தரையில கிடந்தாடி."

"அப்புறம்?"

"நான் சரி பண்ணிட்டேன்."

"ரொம்ப நல்லாப் பண்ணின" என்றாள். அந்தக் குரலுக்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நெட்டையாவது ஜெயித்திருக்கலாம். அதுவும் இல்லை. பந்து ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எனக்கு ஆத்திரம் பொங்கியது. டிவியைப் பார்த்து, "ஓடுடி! என் பேத்தி இடத்துல நின்னுக்கிட்டு இப்படியா ஆடுவ? இதுக்கா உனக்கு வெந்நீர் வெச்சேன்?" என்று கத்தினேன். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேத்தி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறித் துண்டை இழுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீரும் இருந்தது, அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நெட்டைப் பெண் தோற்றுவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பாட்டிலையும் காலுறையையும் இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். காலுறையை மட்டும் பேத்தி வாங்கிக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் காலுறையின் பச்சைத் தையலைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு கேட்டாள்.

"அவ யாருன்னு தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டதானே?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் ஒத்துழைக்கவில்லை.

"பண்ணியிருப்பேன். சாக்ஸை மட்டும் வேற எடுத்திருப்பேன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "காலையில ஒருத்தி நொண்டினா இல்ல? அப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு பாட்டி. ஒன்பது வருஷம் ஆடினது இதுக்கான்னு ஆயிடுச்சு." போனை எடுத்தாள். கிளப்பைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "அவசரப்பட்டுட்டியேடி. அடுத்த மாசம் இன்னொரு போட்டி இருக்குன்னு சொன்னியே. நானும் கூட வரேன்" என்றேன்.

"அங்க வந்து யாரைக் குணப்படுத்தப் போற?"

  அப்போது முன் இருக்கையில் ஒருவர் இருமத் தொடங்கினார். வறட்டு இருமல், நெஞ்சிலிருந்து வந்தது. பேத்தி என் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டாள்.