கடல் பக்கம் திரும்பு

இங்கே மழையும் காற்றுமாக விடிந்தால் என் பயிற்சியாளர் ஹெலனுக்குச் சந்தோஷம் பிடிபடாது. "அருமையான காலநிலை, ஒன்பது மணிக்கு வா" என்று செய்தி அனுப்புவார். முதல் தடவை அதைக் கேலி என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். நம் ஊரில் இப்படிக் காற்றடித்தால் ஒலுவில் துறைமுகத்தில் படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் குந்தியிருப்பார்கள். அந்த வானத்தைப் பார்த்து அருமை என்று சொன்ன ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டப் பழகுகிறவனுக்கு முகில்தான் பள்ளிக்கூடம். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாத இடத்தில், முள்ளையும் இலக்கத்தையும் நம்பி இறங்கத் தெரிந்தால்தான் சோதனையில் தேறலாம். நான் ஒரு தடவை தவறியவன். பதற்றத்தில் உயரத்தைக் கோட்டைவிட்டேன். இரண்டாம் தடவையும் தவறினால் வடக்கே எனக்காக வைத்திருக்கும் வேலை போய்விடும். வேலை போனால் விசாவும் போய்விடும். கனடாவின் மேற்குக் கரையிலிருந்து கல்முனைக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

சோதனைக்கு நான்கு நாட்கள் இருந்தபோது அது நடந்தது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிய வேண்டிய உயரத்துக்கு இறங்கியும் முகில் விலகவில்லை. அப்படியானால் இறங்குவதைக் கைவிட்டு மேலேறி, இடப்பக்கம், கடலை நோக்கித் திரும்ப வேண்டும். வலப்பக்கம் மலை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். அந்த நேரம் பார்த்துக் காற்று எங்களைத் தூக்கிக் குத்தியது. தலை கூரையில் முட்டியது. மேலேறினேன், வலப்பக்கம் திரும்பினேன். ஹெலன் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார்.

"மலை எந்தப் பக்கம் என்று தெரியாதா?" என்று கீழே இறங்கிய பிறகு கேட்டார். தெரியும் என்றேன். "பிறகு ஏன் அங்கே திரும்பினாய்?" "மற்றப் பக்கம் கடல்" என்றேன். எனக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தாராக்கும், வரைபடத்தை விரித்து, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல் நீல நிறத்தைத் தொட்டுக் காட்டினார். "நீ தீவில் பிறந்தவன். தண்ணீர் உனக்குப் பழக்கம்தானே?" நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று எனக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றவனை, என் மூத்த சகோதரி, ராத்தா, கையைப் பிடித்து இழுத்தார். "வயல் பக்கம் ஓடு தம்பி! திரும்பிப் பாக்காத!" ஓடினோம். செருப்பு கழன்றதும், வரம்பில் விழுந்து எழும்பியதும் நினைவிருக்கிறது. எங்களைப் பெற்ற உம்மா பின்னால் வருகிறார் என்றே நினைத்தேன். உம்மாவை நாங்கள் பிறகு உயிரோடு காணவில்லை. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பயம் வந்தால் நம்முடைய உடம்பு கடலுக்கு முதுகைக் காட்டும். அந்த நாட்டில் அது உயிரைக் காப்பாற்றியது. இந்த நாட்டில் அதுவே என்னை மலையில் மோதிக் கொல்லப் பார்த்தது. இதை ஹெலனிடம் எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

மறுநாளும் மழை. இரண்டு தடவை சரியாகத் திரும்பிக் காட்டிய பிறகே என்னைச் சோதனைக்கு அனுப்பச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார் ஹெலன். சோதனை நாளிலும் முகில் இறங்கிக் கிடந்தது. பரிசோதகர் அதிகம் பேசாத மனிதர். ஓடுபாதை தெரியவில்லை, மேலேறு என்றார். என் உடம்பு முழுவதும் வலப்பக்கம் இழுத்தது. முள்ளைப் பார்த்தபடி இடப்பக்கம் திருப்பினேன். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. பரிசோதகர் அதை வியர்வை என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினார். இறங்கியதும் கை குலுக்கி, தேறிவிட்டாய் என்றார்.

வாகனத் தரிப்பிடத்தில் நின்று ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அதிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்திருந்த நேரம்.

"பாஸ் பண்ணிட்டன் ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்! போன முறை பயந்துதானே கோட்ட உட்டாய். இந்த முறை எப்பிடிடா?"

"கடல் பக்கம் திரும்பினன் ராத்தா. இஞ்ச அதுதான் தப்புற பக்கம்."

 

"உம்மாவும் அண்டைக்குக் கடல் பக்கம்தான் திரும்பின" என்றார் ராத்தா. "உன்னத் தேடித்தான் போன. நீ கிணத்தடியில நிண்டது அவவுக்குத் தெரியா. இவ்வளவு நாளும் நான் உனக்குச் செல்லல்ல தம்பி."

என் கார் மலைப் பக்கம் நின்றது. நான் கடல் பக்கம் நடந்தேன். விமான நிலையத்துக் கம்பி வேலி நெஞ்சில் முட்டிய பிறகுதான் நின்றேன்.