திரும்பி வராத சக்கர நாற்காலிகள்

என் விசிட்டிங் கார்டில் அச்சாகியிருக்கும் பதவியை எங்கள் வீட்டில் இதுவரை யாரும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. சமூகத் தாக்க மதிப்பீட்டு அலுவலர். முதல் கார்டை அப்பாவிடம்தான் கொடுத்தேன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"யாரைத் தாக்கப் போறே?"

"அது இல்லப்பா. எங்க ஆபீஸ் போடற பணத்தால ஜனங்களுக்கு என்ன நல்லது நடக்குதுன்னு அளக்கற வேலை."

"அப்படியா" என்று கார்டை விரலால் சுண்டிப் பார்த்தார். "கார்டு நல்லா கெட்டியா இருக்கு."

எங்கள் ஆபீஸ் ஓர் அறக்கட்டளை. அதற்கு முன்பு அங்கே நன்றிக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஆள் நான். பெயின்ட் தொழிற்சாலை வைத்திருந்த ஒரு குடும்பத்துடையது அது. பெரியவர் காலமான பிறகு மருமகள் பொறுப்புக்கு வந்தார். எங்களுக்கு அவர் மேடம். பள்ளிக்குக் கூரை, மருத்துவமனைக்குக் கட்டில் என்று கேட்டவர்களுக்குக் கொடுப்போம். அவர்கள் நன்றி சொல்வார்கள். நான் "தங்கள் அன்புக்கு" என்று ஆரம்பிப்பேன். பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேடம் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தார். உலகம் முழுக்க அறக்கட்டளைகள் சும்மா கொடுப்பதைக் குறைத்துக்கொண்டு, நல்லது செய்கிற தொழில்களில் முதலீடு செய்ய ஆரம்பித்துவிட்டனவாம். பணம் நல்லதும் செய்யும், திரும்பியும் வரும், வந்தது அடுத்த நல்லதுக்குப் போகும். கேட்டபோது எனக்கு நியாயமாகத்தான் பட்டது, இப்போதும் படுகிறது. கோளாறு யோசனையில் இல்லை, அதை அளக்க என்னைப் போட்டதில் இருந்தது. வரைபடத்துக்குக் கலர் போடத் தெரிந்தவன் என்பதைத் தவிர அந்த நாற்காலிக்கு எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலில் என் தலையில் கட்டியது, சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையை. டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடம். நடத்துகிறவரை எல்லாரும் பட்டறை அக்கா என்பார்கள். இரண்டு மெக்கானிக்குகளும் ஏராளமான கோபமும் அவர் சொத்து. அப்பாவின் வண்டியை முன்பு சரிசெய்து கொடுத்ததும் அவர்தான். வருடா வருடம் நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது முதலீடு செய்தோம். முதல் தவணையில் புது வெல்டிங் மெஷின் வந்தது. இரண்டாம் தவணையில் பக்கத்துக் கொட்டகையையும் எடுத்து, மெக்கானிக்குகளைக் கூட்டுவதாகத் திட்டம். ஆனால் எண்கள் ஏறினால்தான் இரண்டாம் தவணை. ஏறாவிட்டால் மெஷினும் போய்விடும்.

எண்கள் ஏறவில்லை. இந்த முதலீட்டில் எங்களோடு சேர்ந்து பணம் போட்ட வெளிநாட்டுக் கூட்டாளிகள் அனுப்பிய படிவத்தில் முக்கியமான கட்டம் "மீண்டும் வரும் வாடிக்கையாளர்கள்". சோப்பு விற்பவருக்கும் முடி வெட்டுபவருக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். அக்கா சரிசெய்து அனுப்பிய வண்டி மட்டும் திரும்பி வரவே இல்லை. கட்டம் சிவப்பாகவே கிடந்தது. வேறு யாராவது இருந்தால், ஏன் வரவில்லை என்று யோசித்திருப்பார்கள். நான், எப்படி வரவழைப்பது என்று யோசித்தேன்.

மாதாந்திரப் பரிசோதனை. எல்லா வண்டிகளும் மாதம் ஒருமுறை பட்டறைக்கு வந்து பதிவாகிவிட்டுப் போக வேண்டும். வராதவர்களுக்கு அடுத்த முறை சலுகைக் கட்டணம் இல்லை.

"நல்லா ஓடற வண்டியை எதுக்குங்க கூப்பிடறீங்க?" என்றார் அக்கா.

"சும்மா பார்க்கத்தான் அக்கா."

"பார்க்கணும்னா நீங்க போய்ப் பாருங்க. கால் உங்களுக்குத்தானே நல்லா இருக்கு."

அதை நான் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்து வைத்தேன். அக்கா சிரிக்கவில்லை. மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றார்.

வரைபடம் கிடுகிடுவென்று ஏறியது. கூட்டாளிகளின் கூட்டத்தில் மேடம் என்னை மேடையேற்றினார். நான் பச்சைக் கோட்டைக் காட்டிப் பேசினேன், கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தானே வந்து என் கார்டைக் கேட்டு வாங்கினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் அப்பாவுக்கும் கால் தரையில் பாவாமல் போனது. முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பி முறிந்து, கட்டிலோடு ஆகிவிட்டார். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வண்டியைக் கொண்டுவந்து வரிசையில நில்லுங்க."

"அக்கா, நான்தான் பேசறேன்."

"தெரியுதுங்க. வரிசையும் உங்களுதுதான்."

வாடகை வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். வரிசை டயர் கடையைத் தாண்டித் தெருமுனை வரை வந்திருந்தது. எனக்கு முன்னால் சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரம்மா திரும்பி, "உங்களுக்கு என்ன ரிப்பேர்?" என்றார்.

"முன்சக்கரம். உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. பரிசோதனை. பாதி நாள் கூலி போச்சு."

அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் இருந்தவருக்கும் இல்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண், குழந்தைகளுக்கான சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றார். வண்டி காலியாக இருந்தது. ஒரு சக்கரம் கோணிக்கொண்டிருந்தது.

"பொண்ணு வீட்டுல படுத்திருக்கா" என்றார். "போன தடவையும் வந்தேன். கூட்டம் முடியறதுக்குள்ள கடையைச் சாத்திட்டாங்க. அவ ஸ்கூலுக்குப் போயே ரொம்ப நாளாச்சு. யாரோ ஒரு ஆபீசர் போட்ட ரூலாம். நல்லா இருக்கட்டும்."

கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை மெல்லச் சட்டைக்குள் தள்ளினேன். அதைவிட வீரமாக அந்த நிமிடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் அவரை எனக்கு முன்னால் விட்டேன். பட்டறை மூடுவதற்குள் அவர் முறை வந்துவிட்டது. என் முறை வரவில்லை.

வீட்டில் அப்பா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

"உன் கோடு ஏறிக்கிட்டே போகுதாமே?" என்றார்.

மறுநாள் மேடத்திடம் போய், பரிசோதனைகளைக் கழித்துவிட்டு உண்மையான எண்களை வைத்தேன். கோடு தடாலென்று விழுந்திருந்தது.

"என்ன இது?"

"தேவையில்லாம வந்தவங்களை இனிமே வர வேண்டாம்னு சொல்லிடலாம் மேடம். அவங்களை இழுத்துட்டு வந்தது நான்தான்."

"அப்ப அவங்க ஏன் தானா வரலை?"

"வண்டி நல்லா ஓடுது. அதான் வரலை."

மேடம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்; கடிதம் எழுதும் வேலையாவது திரும்பக் கிடைக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓடுதுன்னு கூட்டாளிங்க கிட்ட எதை வச்சு நிரூபிக்கறது?" என்றார்.

"நான் வீடு வீடா போய்ப் பார்த்துட்டு வரேன்" என்று வாய் முந்திக்கொண்டது. அக்கா ஆரம்பத்திலேயே சொன்னது அதைத்தான்.

மேடம் கூட்டாளிகளிடம் மல்லுக்கட்டி, படிவத்தில் அந்தக் கட்டத்தை "ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகள்" என்று மாற்றவைத்தார். இரண்டாம் தவணையும் வந்தது. கொட்டகை விரிந்தது, வரிசை சுருங்கியது, என் முழங்கால் தேய்கிறது. லிஃப்ட் இல்லாத கட்டடங்கள் இத்தனை இருப்பது எனக்கு முன்பு தெரியாது.

வீடு வீடாகக் கிளம்புவதற்கு முன் அக்கா எனக்கு ஒரு பாடம் நடத்தினார். பிரேக்கைத் தளர்த்தினால், அதற்கும் டயருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். உரசவும் கூடாது, ரொம்ப விலகவும் கூடாது. "ஏதாவது கெட்டி அட்டை வச்சிருக்கீங்களா?" என்றார். சட்டைப்பையில் இருந்தது என் விசிட்டிங் கார்டு ஒன்றுதான். வாங்கி, இடைவெளியில் நுழைத்து எடுத்தார். "இது போதும். இதே கனம்தான் வேணும்."

சின்ன வண்டியின் வீட்டுக்குப் போனபோது அந்தச் சிறுமியே வண்டியை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்தாள். "நீங்க யாரு?" என்றாள். பதவியைச் சொல்ல வாயெடுத்தேன். "பிரேக் பார்க்க வந்திருக்கேன்மா" என்றேன்.

கடைசி வீடு எங்களுடையது. அக்கா புதுக் கம்பி போட்டுக் கொடுத்திருந்த அப்பாவின் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டயர் கறுப்பு ஏறி எழுத்தெல்லாம் மங்கிப்போன கார்டை நுழைத்தேன். இடித்தது. திருகைக் கொஞ்சம் தளர்த்தினேன். இப்போது வழுக்கிக்கொண்டு போனது.

அப்பா கையை நீட்டிக் கார்டை வாங்கிப் பார்த்தார்.

"இப்பத்தான்டா இது எதையோ அளக்குது" என்று சொல்லிவிட்டு, வண்டியை வாசல் பக்கம் திருப்பினார்.