இஞ்சினுக்குள் ஆம்பூர் தோல்

எங்கள் ஊரில் எது ஒழுகினாலும், எது ஆடினாலும் ஒரே வைத்தியம்தான்: ஒரு துண்டுத் தோலை வெட்டி வை. மேசைக்கால் ஆடினால் அடியில் தோல், கதவு அடித்துக்கொண்டால் இடுக்கில் தோல். அம்மா சோற்றுப் பானையை இறக்குவதுகூடத் தோல் துண்டால் பிடித்துத்தான். ஆம்பூரில் பிறந்து, தோல் பதனிடும் டேனரிச் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அதனால் சித்தப்பாவின் விமான இஞ்சினுக்கும் அப்பா அதே வைத்தியத்தைச் செய்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

விமானம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானம். ஆனால் இஞ்சின் விளையாட்டுச் சாமான் இல்லை; பெட்ரோலில் ஓடுகிற அசல் ஃபோர் ஸ்ட்ரோக். பெங்களூரில் யாரோ விமானத்தைத் தரையில் மோதிவிட்டுத் தூக்கிப் போட்டதைச் சித்தப்பா வாங்கி வந்திருந்தார். இஞ்சினியரிங் முடித்து வேலை கிடைக்காமல் அவர் வீட்டில் இருந்த காலம் அது. பேரிங் மாற்றினார், பிஸ்டன் ரிங் மாற்றினார், வால்வைத் தேய் தேய் என்று தேய்த்தார். கழற்றிய திருகுகளை எல்லாம் இட்லித் தட்டில் குழிக்கு ஒரு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். அன்று அம்மா போட்ட கூச்சலுக்கு அந்த இஞ்சினே தேவலை.

அப்பாவுக்கு இந்த இஞ்சினைக் கண்டால் ஆகாது. காரணம் இருந்தது. பெங்களூரில் ட்ரோன் செய்கிற ஒரு கம்பெனி, சித்தப்பா தானே பிரித்துக் கட்டிய இஞ்சின் எப்படி ஓடுகிறது என்று வீடியோ கேட்டிருந்தது. மெதுவாக ஓட வேண்டும், முழு வேகத்துக்குப் போக வேண்டும், நிற்காமல் மறுபடி மெதுவாக வேண்டும். அது சரியாக இருந்தால் வேலை. அப்பாவோ, தாத்தா இறந்தபின் தானே தூக்கி வளர்த்த தம்பியைத் தான் வேலை செய்கிற டேனரியிலேயே சேர்த்துவிடப் பேசி வைத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இது ஒழுங்கா ஓடிச்சின்னா நீ போ. இல்லன்னா திங்கக்கிழமை காலையில என் வண்டியில ஏறு. அவ்ளோதான்," என்றார்.

சித்தப்பா தலையாட்டினார். எனக்குத்தான் பதறியது. எங்கள் சித்தப்பா பிளேன் செய்கிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேனே!

கார்புரேட்டரையும் இஞ்சினையும் இணைக்கிற இடத்தில் காற்றுப் புகாமல் இருக்க ஒரு காகித கேஸ்கெட் உண்டு. பிரித்தபோது அது கிழிந்துவிட்டது. வேலூர் போய் அதற்கான ஷீட் வாங்கி வரச் சித்தப்பா கிளம்பினார். அப்பா வழி மறித்தார்.

"ஆம்பூர்ல ஒக்காந்துகினு பேப்பரைத் தேடறான் பாரு! அடிபம்புல இருக்கிற வாஷர் இன்னா? தோல்தானே? ஒரு சொட்டு ஒழுவுதா?"

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தோல் கேஸ்கெட்டை எடுத்தார். தோலை அவ்வளவு மெல்லிசாகச் சீவியிருந்தார். போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின, ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. தம்பி போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றவர் அதை வெட்ட மட்டும் அப்படி மெனக்கெட்டிருந்தார். சித்தப்பா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தோலையே வைத்து இஞ்சினைப் பூட்டி, பழைய தையல் மெஷின் மேசையில் திருகி இறுக்கி, குச்சியால் புரொப்பெல்லரைத் தட்டினார். பிடித்துக்கொண்டது! நான் குதித்தேன். ஆனால் சந்தோஷம் சூடு ஏறும்வரைதான். வேகத்தைக் குறைத்ததும் இஞ்சின் தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது, பொசுக்கென்று நின்றது. சித்தப்பா பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற கார்புரேட்டர் ஊசியைத் திறந்தார், மூடினார். சனிக்கிழமை சாயங்காலம்வரை இதே கதைதான்.

"காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. எங்கிருந்தோ திருட்டுக் காத்து உள்ள போவுது பாப்பா," என்றார் என்னிடம். அவர் குரலே இறங்கிப் போயிருந்தது. "இது ஒரே பேஜாராப் போச்சு," என்று அம்மா முணுமுணுத்தார். அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிறு காலை அப்பா கறி வாங்கப் போயிருந்தார். சித்தப்பா இஞ்சினை ஓடவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் ஆயில் எடுத்து, மூட்டு மூட்டாகச் சொட்டு விட்டுக்கொண்டே வந்தார். கார்புரேட்டர் மூட்டில் ஆயில் பட்டதும் இஞ்சின் அடங்கி ஒரே சீராக ஓடியது. திருட்டுக் காற்று புகுந்த சந்து அங்கேதான்; ஆயில் அதை அடைத்திருந்தது. இஞ்சினை நிறுத்திக் கழற்றினார். பெட்ரோல் தோலில் இருந்த எண்ணெய்ப் பசையை எல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது. சூட்டில் அது பழைய அப்பளம்போல விறைத்து ஓரம் சுருண்டு கிடந்தது.

"அப்பா வெட்னதாலதான் ஓடலையா?" என்று கத்தினேன்.

"ஷ்ஷ்! வாயை மூடு," என்றார். டீத்தூள் பெட்டியின் அட்டையை வெட்டி, ஆயில் தடவி, அந்த இடத்தில் வைத்துத் திருகி இறுக்கினார்.

அப்பா கறிப் பையோடு நுழைந்தபோது இஞ்சின் டுக்கு டுக்கு என்று அழகாக ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா வேகத்தைக் கூட்டினார். தெருவே அதிர்ந்தது. குறைத்தார். நிற்கவில்லை! கூட்டிக் குறைத்து, கூட்டிக் குறைத்து, அம்மா செல்போனில் வீடியோ எடுக்க எடுக்க, ஒருமுறைகூட அது தடுமாறவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா கிட்டே வந்தார். "என் தோலு எப்டிப் புடிச்சிகிச்சி, பாத்தியா?"

"ஆமாண்ணா. ஊசிதான் தகராறு பண்ணிச்சி. தோல் ஜம்முன்னு இருக்குது," என்றார் சித்தப்பா.

நான் வாயைத் திறந்தேன். ஆயில் பிசுக்கோடு ஒரு கை என் தலையை அழுத்தியது. பல் தேய்த்ததாகச் சொன்ன ஒரு பொய்க்கு என் காதைத் திருகிய வீடு இது. பெரியவர்கள் மட்டும் கூசாமல் புளுகலாமாம்! அப்பாவோ எதிர்வீட்டு பாயைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பது ஆம்பூர் தோல் என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கை கழுவக் குழாயடிக்குப் போனார். சித்தப்பா கழற்றிப்போட்ட அந்தச் சுருண்ட துண்டு அங்கே துவைக்கிற கல்லின் மேலேயே கிடந்தது. அப்பா அதை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். மாட்டிக்கிட்டாரு சித்தப்பா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, "பெங்களூர்ல குளுரு ஜாஸ்தி. தம்பிக்கு ஸ்வெட்டர் ஒண்ணு எடுக்கணும்," என்றார் அம்மாவிடம்.

கண்ணை மூடிக்கொண்டு தடவியே வெள்ளாட்டுத் தோலா செம்மறித் தோலா என்று சொல்கிற மனிதருக்கு, தன் கையால் வெட்டிய துண்டு அடையாளம் தெரியவில்லையே என்று அன்று முழுக்க நான் அப்பாவுக்காகப் பரிதாபப்பட்டேன்.