அப்பீல் கேட்கும் இடமும் மார்கழி மாதமும்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நான் புளியந்தீவு அரசாங்கக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். கிராமக் கோர்ட்டுத் தீர்ப்பு பிடிக்காதவர்கள் அரசாங்க ஏசண்டரான வெள்ளைக்காரத் துரையிடம் அப்பீல் செய்வார்கள். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்காரரும் தோணியேறிக் கச்சேரிக்குத்தான் வரவேண்டும். அக்கரையிலும் அப்பீல் கேட்கலாமா என்று சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனைக் கூட்டம் நடக்கும். ஒவ்வொரு முறையும் 'இப்போதைய ஏற்பாட்டுக்கு ஆட்சேபனை இல்லை' என்று எழுதி முடித்துவிடுவோம்.

ஒரு கார்த்திகை மழையில் கனகம்மை என்ற விதவை கச்சேரிக்கு வந்தார். அவருடைய உழவெருமைச் சோடியைக் கிராமக் கோர்ட்டு பக்கத்து வளவுக்காரனுக்குக் கொடுத்திருந்தது. அப்பீல் தவணையன்று வாவி பெருகித் தோணி ஓடவில்லை. ஆள் வராததால் வழக்குத் தள்ளுபடியாகியிருந்தது. மழை சற்று விட்டதும் அவர் வந்திருந்தார்.

"தோணி விடல்ல ஐயா. நான் நீந்தியா வாற?" என்றார்.

துரைக்கு இங்கிலீசில் சொன்னேன். தள்ளிய வழக்கைத் திரும்ப எடுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்றார் அவர். பிறகு கேட்டார்: "இவ்வளவு கஷ்டமென்றால் மறுபரிசீலனைக் கூட்டத்தில் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

"அந்தக் கூட்டம் எப்ப வைக்கிற?" என்றார் கனகம்மை.

"மார்கழியில" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "மார்கழி வெள்ளத்தில நாங்க எப்பிடி வாற? வர ஏலாத நாளில கூப்பிட்டுப் போட்டு, மறுகா ஆரும் வரல்ல எண்டு எழுதுறதோ?"

பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் என் காதருகே குனிந்தார். "தம்பி, இதெல்லாம் துரைக்குச் சொல்லத் தேவையில்ல. எருமைக் கதையோட நிப்பாட்டும்."

என் பதவி உயர்வு அவர் எழுதும் சிபாரிசில்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் வாய் அங்கே நான் மட்டுந்தான். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன்.

துரை பெரிய கிளாக்கரின் பக்கம் திரும்பினார். "மார்கழி என்று வைத்தது யார்?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வருஷ முடிவு ரிப்போட்டுக்கு அது வசதி என்றார் பெரிய கிளாக்கர். அந்த வருஷம் நடக்கவிருந்த கூட்டத்தை மழையில்லாத அடுத்த ஆடிக்குத் தள்ளிவைக்கத் துரை உத்தரவிட்டார். பெரிய கிளாக்கர் அதன்பின் என்னுடன் கடமைக்கு மேல் பேசியதில்லை. சிபாரிசும் எழுதவில்லை.

ஆடிக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மண்டபத்தில் அடங்கவில்லை. முற்றத்து மரங்களின் கீழும் நின்றார்கள். முதலில் எழும்பியவர் கனகம்மை. வழக்கு முடிந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று யாரோ கேட்டார்.

"எண்ட எருமை இனி வராது, தெரியும். மத்தவங்கட எருமையெண்டாலும் பட்டியில நிக்கட்டும்" என்றார்.

படுவான்கரை அப்பீல்களை அக்கரையிலேயே கேட்பதென்று முடிவாயிற்று. முதல் அமர்வுக்குத் துரையோடு நானும் தோணியில் போனேன்.

எங்கள் கச்சேரிக் கந்தோரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கூட்டத்துக்கு நாள் குறிக்கும்போது, அங்கே யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்பதையும் நீங்கள் தீர்மானித்துவிடுகிறீர்கள். நாங்கள் கெட்ட எண்ணத்தோடு மார்கழியைக் குறிக்கவில்லை. எங்களுக்கு மேசை நனையாமல் இருந்தது, அவ்வளவுதான்.