மாமன் கன்னத்துக்குக் காவல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு நின்ற எனக்கு முதன்முதலாகக் கிடைத்த வேலை, மாமனின் விரல்கள் அவருடைய முகத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

மாமன், அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். எங்கள் மலையிலேயே இன்னொரு பகுதியான தேவனூர் நாட்டில் அவருக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. அந்தச் சமயம் பார்த்துக் கன்னமெல்லாம் பருக்கள். எங்கள் மலையில் எந்த நோவுக்கும் மிளகுதானே. அரைத்து அப்பிக்கொண்டார், முகம் வெந்து சிவந்து, பருக்கள் இன்னும் பெருத்தன. மலைக்கு ரோடு வராத காலம். அப்பா அடிவாரத்துக் காரவள்ளிக்கு நடந்தே இறங்கி, சேந்தமங்கலம் மருந்துக்கடையில் கந்தகக் களிம்பு வாங்கிவந்தார். மிளகு ஆகாது, பருவைக் கிள்ளவும் கூடாது என்று கடைக்காரர் சொல்லியனுப்பியிருந்தார்.

“கிள்ளுனா குழி உழுந்துரும்டா. அப்பறம் என்ற மூஞ்சியாட்டத்தான்,” என்று அம்மா தன் அம்மைத் தழும்புக் கன்னத்தைத் தட்டிக்காட்டினாள். பிறகு என்னிடம், “கண்ணு, கை மேல போனா ஒண்ணு போடு,” என்றாள்.

களிம்பில் தீக்குச்சி வாசனை அடித்தது. எங்கே பற்றிக்கொள்வாரோ என்று பயந்து மாமனை அடுப்புப் பக்கமே நான் விடவில்லை. கை கன்னத்துக்குப் போனால் பட்டென்று அடித்தேன். “எங்கக்காளுக்கு மேல இருக்கறயே சாமி,” என்பார். பருக்கள் மெல்ல அடங்கின. குழி விழவில்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கையில்லை. காலையில் எழுந்ததும் அவரை வாசலுக்கு இழுத்துவந்து வெளிச்சத்தில் பார்ப்பேன்.

பெண் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். மாமன் தலையைத் தூக்கவேயில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்யாணப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தாடையிலும் ஒரு பரு. பேச்சுக்கு நடுவே அவள் விரல் அங்கே போனது. பழக்க தோஷம், என் கை பட்டென்று அடித்துவிட்டது.

“கிள்ளாதீங்க, குழி உழும்.”

பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அம்மா என்னை முறைத்தாள். அந்தப் பெண்ணோ கையைத் தடவிக்கொண்டே, “உங்க மாமனையும் இப்பிடித்தான் அடிச்சயா கண்ணு?” என்றாள்.

“அவர இன்னும் ஓங்கி அடிச்சனுங்க.”

அவள் திரும்பி மாமனைப் பார்த்தாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

நல்ல காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று திரும்பும் வழியெல்லாம் அழுதேன். மாமன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி நடந்தார். பெண் கிடைக்காமல் போன மனிதருக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை.