உதிரக் கூடாத பூக்கள்

நடந்துகொண்டே இரண்டு விரலால் ஓர் இலையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்கிறார் சுஷ்மா. கையோடு வந்துவிட்டால் முகம் சுருங்கும். வராவிட்டால் அடுத்த செடி. புனேயில் உள்ள எங்கள் ஆய்வு நிலையத்து வாசல் குரோட்டன்ஸ், கேன்டீன் ஜன்னல் துளசி, பாணேரில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்தின் போகன்வில்லா, எதுவும் தப்பாது. லிஃப்டுக்கு அரை நிமிடம் நிற்கச் சொன்னால் படியேறிப் போய்விடுவார். கணக்குப் பிரிவில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருக்கும் எனக்கு, அவரைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.

அவருக்குப் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். அப்பா ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலை ஃபிட்டராக இருந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கோபத்தில் இரண்டும். "அரே, வேடிக்கை பாக்காதீங்கக்கா! கதவு, கதவைச் சாத்துங்க! தார் லாவா!"

அது ஆலிவ் அறையின் கதவு. புனே வெயிலை நம்பி ஆலிவ் பூக்காது என்று குளிரூட்டிய அறையில் தொட்டி மரங்களை வளர்க்கிறார். காயை எளிதாக உதிர்க்க மருந்து தெளித்தால் இலையும் சேர்ந்து கொட்டிவிடுகிறதாம். காய் மட்டும் விழ, இலை நிற்க, எவ்வளவு தெளிக்கலாம் என்பதுதான் ஆராய்ச்சி. என் மரமண்டைக்கும் ஏறும்படி ஒருநாள் சொன்னார்: "எத்திலீன்னு ஒரு வாயுக்கா, செடிக்குள்ளயே ஊறும். அது ஜாஸ்தியானா இலை, பூ எல்லாம் காம்போட கழண்டுக்கும். ஆக்சின்னு இன்னொண்ணு, அது இருந்தா விடாது. இவ்ளோதான் கதை."

பழுக்கிற பழத்திலிருந்தும் அந்த வாயு வரும். அதனால் ஆலிவ் அறை இருக்கும் மாடிக்கு யாரும் வாழைப்பழம் கொண்டுவரக் கூடாது. இயக்குநர் பத்ரிநாத்தின் டிபன் பையில் இருந்ததையே பிடுங்கிக் கீழே அனுப்பியவர் இவர்.

மூன்று வருஷம் காக்கவைத்துவிட்டு இந்தக் கோடையில்தான் மரங்கள் பூத்தன. வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப் பூக்கள். இந்தப் பருவம் காய் பிடிக்காவிட்டால் திட்டத்தை மூடி அறையை வேறு பிரிவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அது தெரிந்ததிலிருந்து மத்தியானச் சாப்பாட்டைக்கூட நடந்துகொண்டே முடித்தார்.

திங்கட்கிழமை காலை, இருப்புச் சரிபார்க்க நானும் அவரோடு போனேன். கதவைத் திறந்ததும் குப்பென்று மாம்பழ வாசனை. தரையெல்லாம் வெள்ளைப் பூ. ஊடே பச்சையாக இலைகளும் கிடந்தன. கிளைகளில் வெறும் காம்பு.

சுஷ்மா மரங்களைப் பார்க்கவில்லை. நேரே மூலைக்குப் போனார். அங்கே வைக்கோல் பிதுங்கும் மரப்பெட்டி ஒன்று இருந்தது.

"நான்தான்க்கா வெச்சேன்." பிதுங்கிய வைக்கோலை உள்ளே தள்ளினார். "வெள்ளிக்கிழமை வந்துச்சு, ரத்னகிரி ஆப்பூஸ் மாம்பழம். அப்பாவுக்கு வருஷா வருஷம் வாங்குறது. கார்ல வெச்சா வெந்துடும்னு... காயாத்தானே இருக்கு, சாயங்காலம் எடுத்துடலாம்னு. மீட்டிங் முடிஞ்சு அப்படியே ஓடிட்டேன்."

ஊருக்கெல்லாம் சட்டம் போட்டவர் ஓர் அவசரத்தில் செய்த காரியம். பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கீழே என் அறையில் கொண்டுபோய் வைத்தோம். நாங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அதற்குள் பூ கொட்டிய சேதி பத்ரிநாத்துக்குப் போய்விட்டது. நாங்கள் மேலே அவர் அறைக்குப் போனபோது, ஏசி மெக்கானிக் சலீமை எதிரில் நிற்கவைத்து இந்தியில் வறுத்துக்கொண்டிருந்தார். "மெஷின் நின்னுபோயிருக்கு, நீ கவனிக்கல. இனிமே இந்தப் பக்கம் வராதே!" சலீம் பாவம், ஏசி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுப்பதும் மூடுவதுமாக இருந்தார். எங்களைக் கண்டதும் பத்ரிநாத் குரலைத் தணித்தார்.

"நீ கவலைப்படாதேம்மா. ஏசி கோளாறுன்னு எழுதி, இன்னொரு வருஷம் கேட்டுப் பாக்கறேன்."

சுஷ்மா வெளியே போனார். தடதடவென்று படியிறங்குகிற சத்தம், உடனே ஏறுகிற சத்தம். திரும்பி வந்தவர், வைக்கோல் ஒட்டிய பழுத்த மாம்பழம் ஒன்றைப் பத்ரிநாத்தின் மேசையில், அவர் கைக்கு நேராக வைத்தார்.