வடக்கே திரும்பிய கட்டில்

இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் எங்கள் வீட்டுக் கட்டிலைப் பற்றி.

என் கணவர் துறைமுகத்தில் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. மருத்துவமனையில் பயிற்சி கொடுத்துக் கோல் ஊன்றி நடக்க வைத்தார்கள். நடப்பார். கட்டிலிலிருந்து எழுவதுதான் முடியவில்லை. அடுக்குமாடி வீட்டில் எங்கள் அறை சின்னது. படுத்தால் அவருக்கு வலப்பக்கம் சுவர். இடப்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், பலமில்லாத காலை ஊன்றி. ஒவ்வொரு முறையும் நான் தூக்கிவிட்டேன்.

தொழிற்சாலையில் எனக்குக் கொடுத்த விடுப்பு முடிந்துவிட்டது. அவர் தனியாக எழுந்தால்தான் நான் வேலைக்குத் திரும்ப முடியும். இல்லையென்றால் அவரை நிபோங் திபாலில் இருக்கும் அவர் தம்பி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பியே ரம்பமும், கட்டிலில் பொருத்த ஒரு கைப்பிடிக் கம்பியுமாக வந்தார். வீடு புதுப்பிக்கும் வேலை அவருக்கு. கட்டிலைப் பார்த்ததும், "திருப்பிப் போட்டா முடிஞ்சிச்சு அண்ணி. கால்மாட்டுப் பக்கம் தலை வரட்டும். அண்ணன் வலப்பக்கமா இறங்கிடுவாரு" என்றார்.

எதிர்ச்சுவர் முழுக்க அலமாரி. கட்டிலை அங்கே நகர்த்த வழியில்லை. திருப்பினால் தலை வடக்கே வரும். வடக்கே தலை வைத்தால் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அப்போதுதான் பிழைத்து வந்திருக்கும் மனிதரை அப்படிப் படுக்கவைக்க மனம் வரவில்லை.

"வேணாம் தம்பி. அறுத்து ஒத்தக் கட்டிலாக்கிடுங்க. தள்ளிப் போட்டா சுவத்துப் பக்கம் வழி கிடைக்கும்ல?"

"கிடைக்கும். நீங்க எங்க படுப்பீங்க?"

"ஹால்ல பாய் போட்டுக்கிறேன்."

"யாரு கட்டில யாரு அறுக்கிறது?" என்று நாற்காலியிலிருந்து என் கணவர் கேட்டார். பேச்சு அவருக்கு இன்னும் கொஞ்சம் குழறும். "இவ எடத்த வெட்டிட்டா நான் யாருகூடச் சண்ட போடுவேன்?"

"வடக்குங்க..." என்றேன்.

"இத்தன வருசமா தெக்கதானே தலை வெச்சேன்? அப்படி வெச்சுத்தான்லா ஸ்ட்ரோக் வந்துச்சு. நீ திருப்புடா!"

தம்பி சிரித்துவிட்டார். நான் மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

திருப்பிப் போட்டு உட்காரவைத்தால் அவர் பாதம் தரையில் சரியாகப் படவில்லை. உட்காரும்போது பாதம் முழுசாக ஊன்ற வேண்டும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தார். அவரை உட்காரவைத்தே அளந்து, நான்கு கால்களிலும் கோடு போட்டு, மூன்று விரல் அளவு அறுத்தார் தம்பி. அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டினார். கைப்பிடிக் கம்பியை மெத்தையோரம் செருகாமல், கட்டில் சட்டத்தைத் துளைத்து போல்ட் போட்டு முடுக்கினார். பிறகு தானே உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"உன் தொப்பையத் தாங்கினா என்னைத் தாங்கும். எந்திரி" என்றார் அண்ணன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கம்பியை வலது கையால் பிடித்தார். நான் என்னையறியாமல் கையை நீட்டினேன்.

"தொடாத."

முதல் முறை பாதி எழுந்து மெத்தையிலேயே விழுந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முன்னால் சாய்ந்தார். நின்றார். கால் நடுங்கியது, ஆனால் நின்றார். தம்பி ரம்பத்தைத் துடைப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

இப்போதும் என் இடம் சுவர்ப்பக்கம்தான். வடக்கை நினைத்தால் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அவரிடம் சொல்வதில்லை.

கட்டிலைத் திருப்பிய மறுநாள் நான் வேலைக்குப் போனேன். மதியம் போன் செய்தேன். தானே எழுந்துபோய், மூடி வைத்திருந்த தோசையைச் சாப்பிட்டதாகச் சொன்னார்.